மண்சுவருக்கு ஏற்ற கூரை

மண்சுவர் வீட்டில் தறி வைத்திருக்கும் நம் அங்கத்தினர் பலர், கூரையை மாற்ற முனைந்திருப்பதைக் காண்கிறோம். கீற்றையும் நாட்டு ஓட்டையும் பிரித்துவிட்டுச் சிலர் சிமெண்டுத் தகடு போடுகின்றனர். வசதியுள்ளோர் அதே பழஞ்சுவரின்மேல் கான்கிரீட் தளம் ஊற்றத் துணிகின்றனர். இவ்விரண்டும் தவறு என்பதே நமது அபிப்பிராயம்.

மண்சுவரைக் கெடுப்பது வயதன்று, நீர். கூரையின் இறப்பு சுவரைத் தாண்டி 2 அடியாவது நீண்டிருந்தால் சாரல் சுவரில் அதிகம் படாது. சொட்டும் நீரும் சுவரடியை அரிக்காமல் விலகி விழும். திண்ணைக்கு மேல் கூரையை அவ்வளவு தாழ இறக்கிய முன்னோர் அழகை மட்டும் கருதிச் செய்தாரல்லர். தளம் ஊற்றுவோரோ பெரும்பாலும் அதனைச் சுவரோடு நிறுத்திவிடுகின்றனர். பாரமும் எண்ணத்தக்கது. 4 அங்குலக் கான்கிரீட் சதுர அடிக்கு ஏறத்தாழ 22 கிலோ. சீமை ஓடு சட்டங்களோடு சேர்ந்து 6 கிலோ அளவே. சேறு மிதித்து எழுப்பிய சுவர் முன்னதைச் சுமக்கவென்று கட்டப்பட்டதன்று.

தகட்டின் தீமை வேறு. நண்பகலில் அதன்கீழ்த் தறிக்குழியில் அமர்ந்தவர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அறையின் ஈரம் வற்ற, பாவு இழை உலர்ந்து அறுகிறது. அறுந்ததை முடிவதிலேயே பொழுது கழிகிறது. அஸ்பெஸ்டாஸ் தகடாயின், அறுக்கும்போதும் துளையிடும்போதும் எழும் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. அஸ்பெஸ்டாஸ் எவ்வகையாயினும் புற்றுநோய் விளைப்பதென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. மலிவு என்கின்றனர். அறுந்த இழைக்கும் கணக்கெழுதினால் மலிவு எங்கே?

கீற்றுக்கே திரும்புக என்றும் நாம் கூறவில்லை. குளிர்ச்சியில் அதற்கு நிகரில்லை. ஆயினும் அடிக்கடி வேய ஆள் கிடைப்பதில்லை, தீயச்சமும் உண்டு. 2004இல் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் கீற்றுக்கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்டதை யாரே மறப்பர்?

எஞ்சுவது சீமை ஓடு. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஆலை நிறுவியது முதல் பரவிய ஓடு இது. வேய்வதில் மட்டும் கவனம் வேண்டும். கைமரங்களை வெறுஞ்சுவரில் ஊன்றலாகாது. சுவரின் தலையில் நெடுகக் கட்டை பதித்து, அதன்மேல் நிறுத்தினால்தான் பாரம் பரவும். எதிரெதிர்ச் சுவர்களைப் பிணைக்கும் விட்டம் இல்லையேல் கைமரங்கள் சுவர்களை வெளியே தள்ளும். 2018இல் கஜா புயல் தஞ்சை, நாகை வட்டாரங்களில் ஓட்டு வீடுகளையும் விட்டுவைக்கவில்லை. ஆதலின் முகட்டு ஓட்டையும் ஓர வரிசைகளையும் சாந்தில் பதித்து, கைமரத்தைக் கட்டையோடும் கட்டையைச் சுவரோடும் இரும்பால் இறுக்குதல் அவசியம். பிரித்தெடுத்த பனங்கைகள் வைரம் பாய்ந்தவையாயின் விறகுக்கு விற்றுவிட வேண்டாம்; புதுக்கூரைக்கு ஆகும்.

இனி நம் சங்கத்தைப் பற்றி ஒரு சொல். 'நிரந்தரக் கூரை' என்ற பெயரால் தளத்திற்கும் தகட்டிற்கும் கடன் தருகிறோம், ஓட்டுக்கூரைக்கு மறுக்கிறோம். பழுதான கூரையைப் பிடிவாதமாகத் தவறான கூரையாக மாற்றுவது அங்கத்தினர் மட்டுமல்லர், நமது விதியுந்தான். ஓட்டையும் அப்பட்டியலில் சேர்த்து, ஐப்பசி மழைக்கு வெகு முன்பே, ஆடிக்குள் பணம் கைக்கு வரும்படி செய்யக் கோரும் தீர்மானத்தை வரும் பொதுக்குழுவில் கொண்டுவர எண்ணியுள்ளோம். ஓட்டு வேலையில் தேர்ந்த தச்சரும் கொத்தனாரும் தத்தம் ஊரில் இருப்பின், அவர்கள் பெயரை அங்கத்தினர்கள் அதற்குள் சங்க அலுவலகத்தில் பதிந்து உதவ வேண்டுகிறோம்.