ஒரு ஊசியின் விலை என்ன?

உயிருக்குப் போராடும் குழந்தைக்குக் கையில் ஊசி போட ரத்தக்குழாய் கிடைக்கவில்லை. என்ன செய்வார்கள்? கழுத்திலோ தொடையிலோ உள்ள பெரிய சிரைக்குள் நீளமான மெல்லிய குழாயைச் செலுத்துவார்கள். ஆஸ்பத்திரியில் இதற்குப் பெயர் 'சென்ட்ரல் லைன்'.

பழைய முறையில் தொட்டுத் தடவி, குத்துமதிப்பாகத்தான் ஊசி இறங்கும். கைக்குழந்தையின் சிரையோ சில மில்லிமீட்டர் அகலம்தான்! அதை ஒட்டியே தமனி. கழுத்தில் குறி தவறினால் ரத்தக்கசிவு, சில நேரம் நுரையீரலில் ஓட்டை. ரத்தம் கட்டிவிட்டால் அடுத்த முயற்சி இன்னும் கஷ்டம்.

அல்ட்ராசவுண்ட் திரையில் இரண்டையும் பிரித்தறியலாம். லேசாக அழுத்தினால் சிரை அமுங்கிவிடும். தமனி துடித்துக்கொண்டே நிற்கும்.

"செலவு அதிகமாச்சே?" என்பார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2002-லேயே கணக்குப் போட்டுவிட்டது. மெஷினை அடிக்கடி பயன்படுத்தினால் ஒரு தடவைக்கு 10 பவுண்டுக்கும் குறைவுதான். குழந்தைகளுக்கும் கழுத்துச் சிரையில் குழாய் போட இந்த முறையைப் பரிந்துரைத்தது. அவசர நேரத்திலும் பரிசீலிக்கச் சொன்னது. கூடவே, போடுபவருக்கு முறையான பயிற்சி வேண்டும் என்றது.

காமர்ஸ் மாணவர்களுக்குத் தெரிந்த விஷயம்தானே இது? நிலையான செலவைப் பயன்பாட்டால் வகுக்க வேண்டும். மூலையில் சும்மா நிற்கும் மெஷின்தான் விலை உயர்ந்தது. பழகாத கைக்கு அது வெறும் டிவி! ஆகவே மெஷின் வாங்கும் பட்ஜெட்டிலேயே பயிற்சிக்கும் பணம் ஒதுக்க வேண்டும். குறி தவறிய ஒவ்வொரு ஊசிக்கும் விலை கொடுப்பது குழந்தை. அந்தச் செலவு எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராது.