போன காடு திரும்பி வருமா?

"காட்டை வெட்டினால் என்ன? நாலு மழை பெய்தால் மறுபடியும் தழைத்துவிடும்!"

இப்படிச் சொல்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். படித்தவர்களும் சொல்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. வெட்டிய பூவரசங்கொம்பை வேலியில் நட்டால்கூடத் துளிர்க்கிறது. காடு துளிர்க்காதா?

இந்தக் கேள்வியைச் சில விஞ்ஞானிகள் பூமியிடமே கேட்டிருக்கிறார்கள். பூமி சொன்ன பதிலை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

கரிக்குள் காடு

தென் அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் நாடு கொலம்பியா. அங்கே செரஹோன் என்ற இடத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. உலகத்திலுள்ள மிகப் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களில் அதுவும் ஒன்று. அது இருக்கும் பிரதேசம் இன்று வறண்ட பூமி. முள்ளும் கள்ளியும் முளைக்கிற சீமை.

அங்கே கரியை வெட்ட வெட்ட, இடையிடையே பாறை அடுக்குகள் தெரிந்தன. அந்தப் பாறைகளில் இலைகள் பதிந்திருந்தன! பிள்ளைகள் புத்தகத்துக்குள் வைத்து மறந்துபோன அரச இலை போல, நரம்பு நரம்பாகத் தெரிந்தன. அவற்றின் வயது சுமார் 5 கோடியே 80 லட்சம் ஆண்டுகள்.

அவை என்ன இலைகள்? பனைக் குடும்பம், அவரையும் புளியும் சேர்ந்த குடும்பம், சேம்புக் குடும்பம், இலவங்கப்பட்டைக் குடும்பம். இன்று தென் அமெரிக்க மழைக்காடுகளில் நிறைந்திருக்கும் அதே குடும்பங்கள்தான். கள்ளி முளைக்கிற சீமைக்கு அடியில் ஒரு மழைக்காடு புதைந்து கிடந்திருக்கிறது. அங்கே வெட்டி எடுக்கிற கரியே அந்தக் காலத்துச் செடிகொடிகள் மக்கி இறுகியதுதான்.

அதே சுரங்கத்தில் ஒரு பாம்பின் எலும்புகளும் அகப்பட்டன. 2009-ல் அதை உலகத்துக்கு அறிவித்தார்கள். நீளம் சுமார் 42 அடி. எடை ஒரு டன்னுக்கு மேல்! டைட்டனோபோவா என்று பெயர் வைத்தார்கள். உலகமே அந்தப் பாம்பைப் பற்றிப் பேசியது. ஆனால் நமக்கு வேண்டிய செய்தி இலையில் இருக்கிறது.

தூளில் எழுதிய சரித்திரம்

கார்லோஸ் ஹராமில்லோ கொலம்பியாக்காரர். பனாமா நாட்டில் உள்ள ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி. பழங்காலத்து மகரந்தத்தை ஆராய்வது அவர் தொழில்.

பூவைத் தொட்டால் விரலில் மஞ்சள் தூள் ஒட்டுகிறது அல்லவா? அதுதான் மகரந்தம். தூசி அளவுதான் இருக்கும். ஆனால் அதன் மேல் ஓடு மகா கெட்டி. பாறையைத் திராவகத்தில் கரைத்தாலும் அந்த ஓடு கரைவதில்லை. ஒவ்வொரு செடி வகைக்கும் அதில் தனி உருவம் உண்டு. பூதக்கண்ணாடியைவிடப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது இன்ன குடும்பம் என்று சொல்லிவிடலாம்.

ஹராமில்லோவும், மோனிகா கார்வாலோ என்ற பெண் விஞ்ஞானியும், அவர்களுடைய கூட்டாளிகளும் கொலம்பியாவின் பல இடங்களிலிருந்து 50,000-க்கு மேற்பட்ட மகரந்தத் துகள்களையும், 6,000-க்கு மேற்பட்ட இலைப் பதிவுகளையும் ஆராய்ந்தார்கள். 2021-ல் முடிவை வெளியிட்டார்கள்.

கல் விழுந்த கதை

6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய மெக்சிகோவில் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்தது. அதன் குறுக்களவு சுமார் 10 கிலோமீட்டர். பெரிய டைனோசர்கள் பூண்டோடு அழிந்தன. இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. காட்டுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் புதிய கதை.

அதற்கு முன்பும் அங்கே காடு இருந்தது. ஆனால் அது வேறு மாதிரிக் காடு. நம் ஊர்த் தோட்டங்களில் கிறிஸ்துமஸ் மரம் என்று வைக்கிறார்களே, அராக்கேரியா, அதன் உறவு மரங்களும், பெரணிச் செடிகளும், பூக்கும் மரங்களும் கலந்து நின்றன. மரத்துக்கு மரம் இடைவெளி இருந்தது. வெயில் தரை வரையில் வந்தது.

இது எப்படித் தெரியும்? உச்சியில் வெயில் படும் இலைக்கு நரம்புகள் நெருக்கமாக இருக்கும். அடியில் நிழலில் வளரும் இலைக்கு நரம்புகள் விலகி இருக்கும். கல் விழுவதற்கு முந்திய இலைகளில் இந்த வித்தியாசம் அதிகம் இல்லை. எல்லா இலைக்கும் வெயில் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

கல் விழுந்தது. செடி வகைகளில் நூற்றுக்கு 45 மறைந்தன. மீதி இருந்தவை உடனே கிளை விட்டுப் பழைய காட்டைக் கட்டிவிடவில்லை. முன்பு எத்தனை வகைகள் இருந்தனவோ, அத்தனை வகைகள் மறுபடி உண்டாக ஏறக்குறைய 60 லட்சம் ஆண்டுகள் ஆயின!

அப்போதும் பழைய காடு வரவில்லை. பூக்கும் மரங்களின் ஆட்சி வந்தது. கிளையோடு கிளை கோத்துக்கொண்டு, கூரை வேய்ந்தாற்போல் இருண்ட காடு எழும்பியது. அவரைக் குடும்பத்து மரங்கள் அதில் பெருகின. அதுதான் இன்றைய மழைக்காட்டின் ஆரம்பம்.

ஏன் மாறியது? செடிகளை மிதித்தும் மேய்ந்தும் இடைவெளி உண்டாக்கிய பெரிய டைனோசர்கள் போய்விட்டன. கல் விழுந்தபோது பரவிய சாம்பல் மண்ணுக்கு எருவாகியிருக்கலாம். பழைய மரங்களில் சில வகைகள் அடியோடு போனதால் மற்றவற்றுக்கு இடம் கிடைத்திருக்கலாம். இந்த மூன்றையும் விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்.

யாருக்காக வரும்?

"பார்த்தீர்களா? கடைசியில் காடு வந்துவிட்டதே!" என்று சிலர் சொல்லக்கூடும்.

வந்தது, உண்மை. ஆனால் யாருக்காக வந்தது? நம்மைப் போன்ற மனிதர்கள் தோன்றிச் சுமார் 3 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. 60 லட்சம் என்பது அதைப் போல் 20 மடங்கு. ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டுகள் என்றால், 2,40,000 தலைமுறைகள் காத்திருக்க வேண்டும். "என் பேரன் பார்ப்பான்" என்று யாரும் சொல்ல முடியாது.

வயலுக்காக வெட்டிய இடத்தைச் சும்மா விட்டால், சில பத்து ஆண்டுகளில் மரங்கள் வளர்ந்து மூடுவது உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் பெரிய காடு நின்றால்தான் அது நடக்கும். விதை அங்கிருந்து வரவேண்டும். விதையைக் கொண்டுவரும் பறவையும் வௌவாலும் அங்கே வாழவேண்டும். தாய்க்காடே போய்விட்டால் விதைக்கு எங்கே போவது?

சூட்டைத் தாங்கியதே!

இன்னொரு வாதமும் உண்டு. சுமார் 5 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமி வெகுவாகச் சூடேறியது. அங்கே 3 முதல் 5 டிகிரி வரை உயர்ந்தது. அப்போது காடு அழியவில்லை. செடி வகைகள் அதிகமாயின. இதையும் ஹராமில்லோ குழுவினரே 2010-ல் வெளியிட்டார்கள். அப்படியானால் இன்றைய சூட்டுக்கு ஏன் பயப்பட வேண்டும்?

அந்தச் சூடு ஏற ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. இன்றோ சுமார் 150 ஆண்டுகளுக்குள் ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. அன்று மழை குறைந்ததற்கு அடையாளம் இல்லை. கோடரி இல்லை. தீ வைக்கும் கை இல்லை. இன்று அமேசான் காட்டில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. அந்தக் காடு தனக்கு வேண்டிய மழையில் ஒரு பகுதியைத் தானே மூச்சாக விட்டுத் தயாரித்துக்கொள்கிறது. மரம் குறைந்தால் மழையும் குறையும். சூடு, வறட்சி, கோடரி மூன்றும் சேர்ந்து வந்தால் எந்தக் காடு தாங்கும்?

ஆகவே என் கருத்து இது. மரம் நடுவது நல்ல காரியம், தாராளமாக நடலாம். ஆனால் "இங்கே காட்டை எடுத்துக்கொள்கிறோம், அங்கே இத்தனை லட்சம் கன்று நட்டுவிடுகிறோம்" என்று காட்டுகிற கணக்கை நம்பக்கூடாது. கன்று மரமாகும். அது காடாகிவிடாது. நிற்கிற காட்டைக் காப்பதே முதல் வேலை. நடுவது அதற்குப் பிறகு.

இனி யாராவது உங்களிடம் "வெட்டினால் தழைத்துவிடும்" என்று சொன்னால், செரஹோன் சுரங்கத்து இலையைப் பற்றிச் சொல்லுங்கள். தழைப்பதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள்.