பல்லும் பதிவேடும்

‘பல்லுப் போனாற் சொல்லுப் போச்சு’ என்பது நம் முன்னோர் மொழி. பல்லைப் பிடுங்கிய வைத்தியர் அதுபற்றி ஒரு சொல்லேனும் எழுதிவையாவிடின், பின்னொருநாள் அவரது நியாயமும் போய்விடும். பேராதனைப் பல் வைத்திய பீடத்தை அயலிலே கொண்ட கண்டி மாணவர்க்கு இஃது ஏற்ற பொருளென்று கருதுகின்றேன்.

இலங்கையில் வைத்தியரின் கவனயீனத்துக்கு நட்டஈடு கோரும் வழக்கு உரோமன்-டச்சுச் சட்டத்தின்பாற்பட்டது. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, வழக்குரிமை தோன்றி 2 ஆண்டுகளுள் அதனைத் தொடுத்தல் வேண்டும். விளக்கத்துக்கு வர மேலும் பல்லாண்டுகள் செல்லக்கூடும். ஆயிரம் வாய்களைக் கண்ட வைத்தியர் அன்று ஒரு வாயை எங்ஙனம் நினைவுகூர்வார்? நிகழ்ந்தபோதே தாம் எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பிக்க 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் இடமளிக்கின்றது. குறிப்பே இல்லாதவர்க்குச் சட்டம் யாது செய்யும்?

நோயாளிக்கும் அவ்வேடே துணை. கவனயீனம் மட்டும் போதாது, அதுவே தீங்குக்குக் காரணமென்றும் நிறுவப்படல் வேண்டுமென்பது பேராசிரியர் பிரியானி சொய்சா வழக்கில் 2001இல் உயர் நீதிமன்றம் உணர்த்திய பாடம். ஏடில்லாத இடத்தில் காரணத்தை நிறுவுவது எவ்வாறு?

கீழ்த்தாடை ஞானப்பல்லை எடுத்துக்கொள்வோம். அதன் வேருக்கு அணித்தே உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகின்றது. பல்லை அகற்றியபின் உதடு மரத்துப்போதல் வல்லவர் கையிலும் நேரக்கூடும். முன்னரே எச்சரித்தாரா என்பதே அப்போது எழும் வினா. எந்தப் பல், எந்தப் பக்கம், ஊடுகதிர்ப் படம் காட்டியது யாது, ஏற்றிய விறைப்பு மருந்து எவ்வளவு, கூறிய எச்சரிக்கை, நோயாளி மறுத்த சிகிச்சை ஆகியன அன்றே எழுதப்படல் வேண்டும். பிழையை ஒற்றைக் கோட்டால் வெட்டித் திகதியும் கையொப்பமும் இடுக. அழித்தெழுதிய ஏடு எழுதாத ஏட்டினும் கேடு.

நிற்க, கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து வரும் தமிழ்த் தொழிலாளி, தமக்குப் புரியாத மொழிப் பத்திரத்திற் கைநாட்டிட்டால், அது வெறும் மையே, சம்மதமன்று. தமிழில் விளக்கப்பட்டதென்பதும் விளக்கியவர் இன்னாரென்பதும் ஏட்டில் இடம்பெறல் வேண்டும்.

கூட்டம் மிகுந்த வைத்தியசாலையில் எழுத நேரமேது என்பார் உளர். ஐந்து வரிக்கு நெடுநேரம் வேண்டியதில்லை. அதன் பயனோ பெரிது. ஹரால்ட் லோ குழுவினர் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரை 1970இல் ஆராயத் தொடங்கி, 1985 வரை தொடர்ந்து குறித்துவைத்தனர். வழமையான பற்பராமரிப்பில்லாத அவர்களுள்ளும் ஏறக்குறைய 8 வீதத்தினர்க்கே ஈறுநோய் விரைந்து முற்றியதென உலகம் அறிந்தது அவ்வேடுகளாலன்றோ?

ஆதலின் வைத்தியத்துறை புகவிருக்கும் மாணவர்காள், வழக்குக்கு அஞ்சி எழுதாதீர். அந்நோயாளியை அடுத்துக் காணும் வைத்தியருக்காக எழுதுங்கள். அவ்வாறு எழுதிய ஏடே நீதிமன்றத்திலும் நிலைநிற்கும்.