வெற்றுப் புலமும் பெயரறியாப் புலவரும்: சங்கப் பாடல் தரவுத்தளங்கள் குறித்து ஒரு கருத்து

தியாகராய நகரில் நான் தங்கியிருக்கும் அறையில், முனைவர்பட்ட ஆய்வுக்கெனப் புறநானூற்றுக்கு ஒரு தரவுத்தளம் அமைத்து வருகிறேன். அதில் 256ஆம் பாடலின் ஆசிரியராக ஐயூர் முடவனாரைப் பிழையாக உள்ளிட்டிருந்தேன். அவர் பாடியது 228ஆம் பாடல். இரண்டும் கலஞ்செய்யும் குயவனை விளித்துத் தொடங்குவதால் நேர்ந்த மயக்கம் இது. 256ஆம் பாடலின் ஆசிரியர் பெயர் தெரியவில்லை. ஆகவே பெயரை அழித்துச் சேமிக்க முயன்றேன். வெற்றுச் சரம் ஏற்கப்படாது என்று தளம் மறுத்தது. அவசரத்தில் ஒரு சிறுகோடு இட்டேன், தளம் ஏற்றுக்கொண்டது. பெயரறியாப் பிற பாடல்களுக்கும் அவ்வாறே செய்தேன். பின்னர்ப் புலவர்களை எண்ணியபோது, அச்சிறுகோடும் ஒரு புலவராக வரிசையில் நின்றது.

பிழை தளத்தினுடையதன்று. வெற்றுச் சரம் வேறு. 'நல்' எனப்படும் இன்மை மதிப்பு வேறு. முன்னது எழுத்தே இல்லாத ஒரு சரம். பின்னது, இங்கு மதிப்பு எதுவும் இல்லை என்பதற்கான குறி. உறவுநிலைத் தரவுத்தளக் கோட்பாட்டை 1970இல் முன்வைத்த எட்கர் காட், 1985இல் வெளியிட்ட தம் விதிகளுள் இவ்வேறுபாட்டை வற்புறுத்தினார். எனினும் ஆரக்கிள் தளம் வெற்றுச் சரத்தை இன்மை மதிப்பாகவே கொள்ளும். ஆதலின் தரவுகளைத் தளம் மாற்றும்போது இவ்வேறுபாடு மறைந்துபோகக்கூடும்.

இன்மை மதிப்பை இடுவதும் முழுத் தீர்வன்று. கபிலர் அல்லாதார் பாடியவற்றைத் தேடினால், ஆசிரியர் புலத்தில் இன்மை மதிப்புடைய பாடல்கள் விடையில் வாரா. தெரியாத ஒருவரைக் கபிலர் என்றோ கபிலர் அல்லர் என்றோ தளம் துணிவதில்லை. சங்கப் பாடல்கள் 2381இல் 102 பாடல்களுக்கு ஆசிரியர் பெயர் இல்லை என்பது வழங்கிவரும் கணக்கு. அவை விடுபட்டதை அறியாமலே எடுத்த விழுக்காட்டின்மீது எழுப்பப்படும் முடிவு எங்ஙனம் நிலைபெறும்?

வெற்றிடங்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. 256க்குப் பாடல் உண்டு, பெயர் இல்லை. 267, 268 ஆகியவற்றுக்குப் பாடலே கிடைக்கவில்லை. ஆய்வாளர் இன்னும் நிரப்பாத புலமும் வெற்றிடமே. குறுந்தொகை 40ஆம் பாடலின் ஆசிரியர் அப்பாடலின் தொடராலேயே செம்புலப்பெயனீரார் என வழங்கப்பெற்றார். அது இயற்பெயரன்று என்பதை அப்பெயரே உணர்த்திவிடுகிறது. என் சிறுகோடு எதையும் உணர்த்தவில்லை.

எனவே ஆசிரியர் புலத்தில் இன்மை மதிப்பை இட்டு, அதன் காரணத்தை அருகே தனிப் புலத்தில் குறிக்க வேண்டும்: பெயர் தெரியவில்லை, பாடல் கிடைக்கவில்லை, இன்னும் உள்ளிடப்படவில்லை என மூன்று குறிப்புகள் போதும். எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட கட்டுரைகள் வெற்றுப் புலங்களை எவ்வாறு கணக்கிட்டன என்பதை ஒரு தொடரிலேனும் கூற வேண்டும். மதிப்பீட்டாளர்களும் அதனைக் கேட்க வேண்டும். ஏடு சிதைந்த இடத்தைப் பதிப்பாசிரியர்கள் புள்ளியிட்டுக் காட்டினர். தம் ஊகத்தால் நிரப்பி மறைக்கவில்லை. அந்நெறி தரவுத்தளத்துக்கும் பொருந்தும்.