மதில் சுவருக்குப் பணம் உண்டு, ஜாமீனுக்கு இல்லையா?

சிறைகளில் இடம் போதவில்லை, புதிய சிறைகள் கட்ட வேண்டும் என்று ஆட்சியாளர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால், உள்ளே அடைபட்டுக் கிடப்பவர்கள் யார் என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். இது சர்க்காரின் சொந்தக் கணக்கு. இடம் இருந்ததோ 4,36,266 பேருக்குத்தான். கைதிகளில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் இன்னும் தீர்ப்பே கூறப்படாதவர்கள்! இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தாழ்த்தப்பட்ட, ஆதிவாசி, பிற்பட்ட வகுப்பு மக்கள்.

பணம் படைத்தவன் பெரிய வக்கீலை வைத்து மறுநாளே வெளியே வருகிறான். கூலி விவசாயிக்கோ ஜாமீன் உத்தரவு கிடைத்தாலும் கதவு திறப்பதில்லை. கையெழுத்துப் போடச் சொத்துள்ள ஆள் வேண்டும். சொத்துள்ளவன் கூலிக்காரனுக்காகக் கோர்ட்டுப் படி ஏறுவானா? திருட்டுக் குற்றம் சாட்டித்தான் அவனைப் பிடித்தார்கள். ஆனால் அவனைச் சிறையில் வைத்திருப்பது அவனது வறுமைதான்.

பீகார் சிறைகளில் விசாரணையின்றிப் பல்லாண்டு வாடியவர்களின் வழக்கில், 1979-லேயே சுப்ரீம் கோர்ட் இந்த அநியாயத்தைக் கண்டித்தது. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்றது. ஏழைகளைச் சொந்த ஜாமீனில் விடலாம் என்றது. ஆண்டுகள் நாற்பதுக்கு மேல் ஓடிவிட்டன. நிலைமை மாறியதா?

2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் 479-வது பிரிவு, முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் சிறையில் இருந்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும் என்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு இருந்தாலும் இந்த வழி கிடையாது! ஒரு வேலைநிறுத்தத்துக்கு நாலு வழக்குப் போடும் போலீசாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

செலவுக் கணக்கைப் பாருங்கள். 2021 முதல் 2026 வரை சிறைகளை நவீனப்படுத்த மத்திய சர்க்கார் ஒதுக்கியது 950 கோடி ரூபாய். ஏழைக் கைதிகளின் ஜாமீனுக்கும் அபராதத்துக்கும் 2023-ல் அறிவித்த திட்டத்துக்கோ ஆண்டுக்கு 20 கோடிதான். பூட்டுக்கு மலையளவு, சாவிக்குக் கடுகளவு!

“குற்றவாளிகளை அவிழ்த்துவிடச் சொல்கிறீர்களா?” என்று சிலர் கேட்கலாம். இல்லை. குற்றம் நிரூபணமானவனுக்குத் தண்டனை உண்டு. ஆனால், தண்டனைக்கும் மதில் சுவர் ஒன்றே வழியல்ல. ராஜஸ்தானத்தில் சங்கானேர் திறந்தவெளிச் சிறையில் கைதிகள் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். வெளியே சென்று உழைத்துச் சம்பாதிக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, ஜார்க்கண்ட் சிறைகளில் விசாரணையின்றி வாடிய ஆதிவாசி இளைஞர்களுக்காகப் பிரசாரம் செய்தார். ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். முடிவில் அவரே விசாரணைக் கைதியானார். நடுக்குவாத நோயுற்ற அவர், 2021 ஜூலை 5 அன்று, 84-வது வயதில், ஜாமீன் கிடைக்காமலே மடிந்தார்.

சிறை நமக்குப் புதிதல்ல. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நமது தோழர்கள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. மதிலுக்குள் கிடப்பவனுக்கு வெளியே குரல் எழாவிட்டால் என்ன நேரும் என்பதை நாம் ரத்தம் சிந்தி அறிந்தோம்.

ஆகவே நாம் கோருகிறோம்: ஏழைகளைச் சொந்த ஜாமீனில் விடு! 479-வது பிரிவின் பல வழக்குத் தடையை நீக்கு! புதிய மதில்களுக்கான பணத்தை இலவச வக்கீல் உதவிக்கும் திறந்தவெளிச் சிறைகளுக்கும் திருப்பு!

தொழிற்சங்கங்களும் விவசாய சங்கங்களும் மாதர் சங்கங்களும் இக்கோரிக்கையை ஊர்தோறும் எடுத்துச் செல்ல வேண்டும். ஜாமீனுக்கு வழியின்றிச் சிறையில் கிடப்போர் உங்கள் ஊரில் எத்தனை பேர்? கணக்கெடுங்கள், தோழர்களே! வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.