காட்டுக்கோழியின் கழுத்து

ஸ்ரீரங்கத்துக்காரர்களோடு வாதாடுகிறவன் ஒரு சொல்லுக்குப் பயப்பட வேண்டும். ‘சம்பிரதாயம்’ என்பது அந்தச் சொல். அதை எடுத்து வீசிவிட்டால் வாதம் முடிந்தது. எதிராளி அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஏன், எதற்கு, யாருக்கு நஷ்டம் என்று அதற்கப்புறமும் கேட்டால் அதிகப்பிரசங்கி என்று பெயர் வரும். நானும் இந்த ஊர்க் காற்றில் வளர்ந்தவன்தான். சம்பிரதாயத்தின் மேல் எனக்குப் பகை கிடையாது. ஆனால் அந்தச் சொல்லைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு மனிதர்கள் அதன் பின்னால் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிற வழக்கம் உண்டு. இந்தத் தடவை எட்டிப் பார்த்தபோது அங்கே ஒரு காட்டுக்கோழி கழுத்தறுபடக் காத்திருந்தது.

விஷயம் இதுதான். சித்திரை வீதியில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். பொறியாளர். சீமையில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த பொழுதுபோக்கு, தூண்டிலுக்கு ஈ கட்டுவது. ஈ என்றால் நிஜ ஈ அல்ல; தூண்டில் முள்ளின் மேல் நூலைச் சுற்றி, இறகுகளை வைத்துக் கட்டி, பூச்சி மாதிரி செய்கிற பொய் ஈ. மண்புழுவுக்கும் மாவுருண்டைக்கும் பதிலாக மேனாட்டார் இதைத் தண்ணீரில் வீசி மீன் பிடிக்கிறார்கள். மழைக்கு மறுநாள் கொள்ளிடத்தில் ஈசல் உதிரும்போது மீன்கள் மேலே வந்து கவ்வுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை.

நண்பரின் மேஜை ஓரத்தில் ஒரு சின்ன வைஸ் திருகி வைத்திருக்கிறது. பொன்மலை ரயில்வே பட்டறையில் இரும்புத் துண்டைக் கவ்விக்கொண்டு நிற்குமே, அதன் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தன் மெல்லிய உதடுகளால் தூண்டில் முள்ளை ஆடாமல் பிடித்துக்கொள்ளும். கட்டுகிறவருக்கு இரண்டு கைகளும் ஓய்ந்திருக்கும். பட்டு நூல், வெள்ளிச் சரிகை, ஏழெட்டு நிறத்தில் இறகுகள். ஒரு ஈ கட்டி முடிக்கச் சில சமயம் பகல் முழுவதும் ஆகிவிடுகிறது. அழகு என்றால் உண்மையிலேயே அழகு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நண்பர் பரம வைஷ்ணவர். வெங்காயம் கூடத் தொடமாட்டார். “நான் மீன் பிடிக்கிறதே இல்லை, ஓய். கட்டிக் கண்ணாடிச் சட்டத்தில் வைப்பதோடு சரி” என்பார். இது அவருடைய தனி விசித்திரம் அல்ல. பழைய சால்மன் ஈக்களை அச்சுப் பிசகாமல் கட்டுகிற கலைஞர்கள் மேல் நாடுகளில் நிறையப் பேர். அவர்களில் பலர் தூண்டிலைத் தொடாதவர்கள்.

அந்த நண்பர்தான் என்னைக் கேட்டார்: “உமக்குத் துறையூர்ப் பக்கம் மனுஷ்யாளைத் தெரியுமே. பச்சைமலையில் யாரிடமாவது சொல்லிக் காட்டுக்கோழிக் கழுத்து இரண்டு வாங்கித் தர முடியுமா? என்ன விலையானாலும் சரி.”

சட்டம் இருக்கிறதே என்றேன்.

“அதெல்லாம் வியாபாரிக்கு, ஓய். நான் என்ன மூட்டை கட்டியா அனுப்பப்போகிறேன்? இது சம்பிரதாய வடிவம். அந்த இறகு இல்லாமல் கட்டினால் அது ஜாக் ஸ்காட்டே இல்லை.”

ஜாக் ஸ்காட் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்தில் பிறந்த ஒரு ஈயின் பெயர். கட்டியவன் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதன் இரண்டு கன்னத்திலும் பளபளவென்று ஒரு பொட்டு இருக்கும். அந்தப் பொட்டு நம் காட்டுச்சேவலின் கழுத்து இறகு. சாம்பல் காட்டுக்கோழி என்று சொல்லப்படும் இந்தப் பறவை நம் தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. சேவலின் கழுத்து இறகு நுனியில், அரக்குத் துளி விழுந்து இறுகினாற்போல, வெளிர் மஞ்சளில் ஒரு தகடு மின்னும். பிரெஞ்சுக்காரர் சோனரா பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவில் சுற்றிவிட்டுப் போய் இதைப் பற்றி எழுதினார். விஞ்ஞானப் பெயரில் இன்றும் அவர் பெயர்தான் நிற்கிறது. பண்ணைக் கோழிகளில் பலவற்றின் கால் மஞ்சளாக இருக்கிறதல்லவா? அந்த மஞ்சள் இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்த சொத்து என்று 2008-இல் மரபணு ஆராய்ச்சி காட்டிவிட்டது. உலகத்துக் கோழிக்கூடுகளுக்கெல்லாம் பாட்டன் முறையாக வேண்டியவனைத்தான் கழுத்து ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை பேசுகிறோம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெள்ளைக்காரர் நீலகிரிக்கு வந்து, இங்கே தூண்டில் போடத் தம் ஊர் மீன் இல்லையே என்று ஏங்கி, டிரவுட் மீனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து மலை ஓடைகளில் விட்டார்கள். அவலாஞ்சியில் அதற்குக் குஞ்சு பொரிக்கும் நிலையமே ஏற்பட்டது. அவர்கள் மீன் நம் மலைக்கு வந்தது. நம் கோழியின் கழுத்து அவர்கள் ஆற்றுக்குப் போனது. பண்டமாற்று என்று சொல்லலாம். கோழியைத்தான் யாரும் கேட்கவில்லை.

இனி நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். அவர் பிடித்துக்கொண்டிருக்கும் சம்பிரதாயத்தின் வயது என்ன?

முள்ளில் இறகு கட்டி மீன் பிடிப்பது மிகப் பழைய வித்தை. சுமார் 1800 வருஷத்துக்கு முன்பே ஈலியன் என்ற ரோமானிய ஆசிரியர், மாசிடோனியாவில் செம்படவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றிச் சேவல் இறகு இரண்டைக் கட்டுவதாக எழுதி வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் 1496-இல் அச்சான தூண்டில் நூல் பன்னிரண்டு ஈக்களுக்குச் செய்முறை கொடுக்கிறது: கம்பளி நூலும் பழகிய பறவைகளின் இறகும் போதும். பகட்டான இறகு வேண்டும் என்ற ஆசையெல்லாம் பிற்பாடு, விக்டோரியா ராணி காலத்தில் வந்தது. உலகமெங்கும் கொடி பறந்தது. உலகமெங்கிலுமிருந்து பறவைத் தோல் லண்டனுக்குக் கப்பலேறியது. சீமாட்டிகளின் தொப்பிக்கு ஒரு பங்கு, சீமான்களின் தூண்டிலுக்கு ஒரு பங்கு. அவர்கள் ‘இந்தியக் காக்கை’ என்று விரும்பி வாங்கிய சிவப்பு இறகு ஒன்று உண்டு. அந்தப் பறவை இந்தியாவிலும் இல்லை, காக்கையும் இல்லை. தென் அமெரிக்கக் காட்டில் இருக்கிறது. எந்தப் பறவை, எந்த நாடு என்றுகூடக் கவலைப்படாதவர்கள் வகுத்ததுதான் இந்தச் சம்பிரதாயம். கடைச் சரக்கு வரிசை என்று சொன்னாலும் தகும்.

சரி, மீனாவது அந்த இறகைக் கேட்டதா? சால்மன் மீன் முட்டையிடுவதற்காகக் கடலை விட்டு ஆற்றில் ஏறுகிறது. ஆற்றுக்குள் வந்த பிறகு அது இரை எடுப்பதில்லை. பட்டினி கிடக்கும் மீன் ஏன் ஈயைக் கவ்வுகிறது? கோபத்தாலா, பழைய பழக்கத்தாலா என்று இன்னமும் தர்க்கம் செய்கிறார்கள். அதுவும் ஜாக் ஸ்காட் எந்தப் பூச்சியையும் போல இருக்காது. இருபதாம் நூற்றாண்டில் மீன் பிடிப்பவர்கள் இந்த ஆடம்பரத்தை விட்டு அணில் வால் மயிரையும் மான் வால் மயிரையும் கட்ட ஆரம்பித்தார்கள். மீன் ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபிக்கிறவர்கள் கண்ணாடிச் சட்டக்காரர்கள் மட்டும்தான்.

அந்த ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. கற்பனை அல்ல, நடந்தது. 2009 ஜூன் மாதம் ஓர் இரவில், இங்கிலாந்தின் டிரிங் என்ற ஊரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஜன்னலை உடைத்து ஓர் இளைஞன் புகுந்தான். லண்டனில் சங்கீதக் கல்லூரி மாணவன், புல்லாங்குழல்காரன், ஈ கட்டுவதில் மேதை. 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போனான். ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் மலாய்த் தீவுகளில் உயிரைப் பணயம் வைத்துச் சேகரித்தவையும் அவற்றில் இருந்தன. எந்த இடத்தில், எந்த நாளில் பிடித்த பறவை என்ற சீட்டுகளைக் கத்தரித்துவிட்டு, இறகைப் பிய்த்து விற்றான். சீட்டுப் போன தோல் விஞ்ஞானிக்கு வெறும் தோல். 2011-இல் கோர்ட்டு அவனுக்கு ஒரு வருஷ தண்டனை விதித்து நிறுத்தி வைத்தது, ஜெயிலுக்குப் போகவில்லை. வாங்கினவர்களும் இரவில் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். அவர்கள் காத்தது சம்பிரதாயமல்லவா?

நம் ஊரில் இந்தக் கணக்கு இன்னும் கசப்பாக இருக்கும். காட்டுப் பறவை இறகு ஏற்றுமதியை இந்திய அரசாங்கம் 1902-இலேயே தடுத்தது. பிரிட்டன் 1921-இல் இறக்குமதியைத் தடை செய்தது. 1972 வனவிலங்குச் சட்டம் காட்டுக்கோழியைப் பிடிப்பதையே குற்றமாக்கியது. நண்பரின் மேஜைக்கு இரண்டு கழுத்து வர வேண்டுமானால் மலையில் எவனோ ஒருவன் கண்ணி வைக்க வேண்டும். அகப்பட்டால் அவன் கம்பி எண்ணுவான். அவன் பெண்டாட்டி வக்கீல் வாசலில் நிற்பாள். சித்திரை வீதிக் கூடத்தில் கண்ணாடிச் சட்டம் மின்னிக்கொண்டிருக்கும், பார்க்கிறவர்கள் “என்ன கைவேலை!” என்பார்கள். உயிரைக் கொல்லாத விரதம் பிறத்தியான் கையால் கொன்றால் கெடாது என்று எந்த ஆசாரியர் சொன்னார்?

நண்பரின் பக்கத்திலும் நியாயம் உண்டு; அதை மறைக்க மாட்டேன். காட்டுக்கோழி அழிந்துகொண்டிருக்கிற இனம் அல்ல. சர்வதேசப் பட்டியலிலும் கவலை குறைந்த வரிசையில்தான் இருக்கிறது. “இரண்டு கோழியால் காடு காலியாகிவிடுமா?” என்றார் அவர். இரண்டால் ஆகாது. ஆனால் விலை என்று ஒன்று பிறந்துவிட்டால் அது இரண்டோடு நிற்பதில்லை. சந்தனமரத்துக்கும் யானைத் தந்தத்துக்கும் என்ன ஆயிற்று என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியாததா?

இன்னொன்றும் கேட்டார்: “மிருதங்கத்துக்குத் தோல் வேண்டாமா?” நல்ல கேள்வி. தோலை எடுத்துவிட்டால் மிருதங்கத்தில் நாதம் போய்விடும். அந்தச் சங்கடத்தை வித்வான்கள்தாம் தீர்க்க வேண்டும். ஆனால் தஞ்சாவூர் வீணையைப் பாருங்கள். ஒரு காலத்தில் அதில் தந்தம் இழைத்தார்கள். இன்று பிளாஸ்டிக் பதிக்கிறார்கள். தந்தம் போனதால் வீணை ஊமையாகிவிடவில்லை. காட்டுக்கோழியின் பொட்டு தந்தத்தின் ஜாதி. அதற்குப் பதிலாக வர்ணம் தீட்டிய இறகு இருக்கிறது; அச்சாக அதுபோலவே செய்த தகடும் விற்கிறார்கள்.

உண்மையான சம்பிரதாயம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஸ்ரீரங்கத்துப் பூச்சந்தைக்கு வாருங்கள். அங்கே பூத் தொடுக்கிற பெண்ணுக்கு வைஸ் கிடையாது. விரல்தான் வைஸ்; சில சமயம் நாரின் ஒரு முனையைச் சுற்றிக்கொண்ட கால் கட்டைவிரல் வைஸ். பேச்சு ஒரு பக்கம், பேரம் ஒரு பக்கம், முடிச்சு மட்டும் தவறுவதில்லை. மல்லிகைக் காலத்தில் மல்லிகை. பனி விழுந்து மல்லிகை போய்விட்டால் கனகாம்பரம், சாமந்தி, அரளி, மரிக்கொழுந்து. எதுவும் அகப்படாத நாளில் துளசி. தொண்டரடிப்பொடியாழ்வார் இந்த ஊரில் நந்தவனம் வைத்துத் துளசி மாலைதான் கட்டிக்கொடுத்தார். ரங்கநாதர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பூ மாறுகிறது, முடிச்சு மாறுவதில்லை. தாயிடமிருந்து மகளுக்குப் போவது அந்த முடிச்சுதான். அதற்கு ஒரு பெயர் கிடையாது, புஸ்தகம் கிடையாது, கட்டினவள் பெயரும் மறுநாள் காலை மாலையோடு குப்பைக்குப் போய்விடுகிறது. ஆனாலும் மாலை நின்றுபோகவில்லை.

ஈ கட்டுகிற கலையும் இந்தக் குலம்தான். அதன் சாரம் நூலை எத்தனை சுற்று, எவ்வளவு இறுக்கம், எந்த இடத்தில் முடிச்சு என்பதில் இருக்கிறது. நல்ல கைக்கு நாட்டுச் சேவலின் இறகு போதாதா? வெளிநாட்டு ஈ கட்டுவோர் நெடுங்காலம் நம் ஊர்ச் சேவற்கழுத்தை மலிவாக வாங்கித்தான் பிழைத்தார்கள். திருச்சியிலிருந்து மதுரைச் சாலையில் முப்பது கிலோமீட்டர் போனால் விராலிமலை; முருகன் மலையைச் சுற்றி மயில்கள். உதிர்ந்த மயில் தோகையை உள்நாட்டில் வைத்துக்கொள்ளச் சட்டமே இடம் கொடுக்கிறது. அந்தத் தோகையின் இழையை முள்ளில் சுற்றினால் வெண்கலமும் பச்சையும் கலந்து மின்னும் உடம்பு கிடைக்கும். மேல் நாட்டு ஈக்களில் எத்தனையோ அந்த இழையில் கட்டியவை. மயில் தானாகப் போடுவதை எடுப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

நெட்டியைத் தக்கையாகக் கட்டிக்கொண்டு கொள்ளிடக் கரையில் குந்தியிருக்கிறவனை நாம் கலைஞன் என்று சொல்வதில்லை. அன்றைக்குச் சோற்றுக்கு வேண்டிய கெண்டையையும் கெளுத்தியையும் பிடித்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறான். மீன் பிடிக்கிறவன் என்று அவனை ஒரு படி கீழே வைத்திருக்கிறோம். மீனே பிடிக்காமல், யாரோ கொன்ற பறவையின் கழுத்தைக் கண்ணாடிக்குள் வைக்கிறவரை ஒரு படி மேலே வைக்கிறோம். இந்தப் படிக்கட்டையும் சம்பிரதாயம் என்றுதான் சொல்வார்கள்.

முடிச்சுப் போடத் தெரிந்தவர்கள் போடட்டும். வடிவம் பழையதாகவே இருக்கட்டும். பெயரும் ஜாக் ஸ்காட் என்றே இருக்கட்டும். பச்சைமலையில் விடியற்காலை கூவுகிற சேவலின் கழுத்து மட்டும் அதன் உடம்பிலேயே இருக்கட்டும். அந்தப் பொட்டு இல்லாமல் நிற்க முடியாத கலை ஒன்று இருக்குமானால், அது விழட்டும்.