அரைகுறை அறிவும் ஆறாத புண்ணும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஆனால், ஏழை வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் சொல், அவ்வீட்டு அம்பலத்தில் உடனே ஏறிவிடுகிறது. அதனால் வரும் பொறுப்பை நாம் உணர்ந்திருக்கிறோமா? என் அனுபவத்தைக் கொண்டே இதைக் கேட்கிறேன்.

என் தந்தையார் கிரிவலப் பாதையில் தள்ளுவண்டியில் இளநீர் விற்பவர். பௌர்ணமி இரவுகளில் அந்த 14 கிலோமீட்டர் பாதையில் வெறுங்காலோடு வண்டி தள்ளுவார். அவருக்கு நீரிழிவு உண்டு. சென்ற ஆண்டு கால்விரலில் முள் தைத்தது. வலி தெரியவில்லை, புண்ணும் ஆறவில்லை. அச்சமயம், நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் புண்ணை ஆற்றும் என்று எங்கோ படித்திருந்தேன். "தயிர்ல அதாம்மா இருக்கு, தடவிப் பாரு" என்றேன். "புள்ள காலேஜ் படிக்குது, அது சொன்னா தப்பா இருக்காது" என்றார் நைனா. பத்து நாளில் கால் வீங்கிச் சீழ் வைத்தது. விரலை எடுக்க வேண்டியதாயிற்று. தயிர்தான் காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. பத்து நாள் வீணானதே பெருங்கேடு என்றார். நைனா என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் இன்றும் சுடுகிறது.

நான் படித்தது பொய்யா? இல்லை, பாதி மட்டுமே படித்தேன். வெள்ளை அணுக்கள் கிருமிகளை விழுங்குவதைக் கண்டறிந்து 1908-ல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாவ்தான், புளித்த பாலிலுள்ள நுண்ணுயிர்கள் உடலுக்கு நல்லவை என்ற கருத்தையும் பரப்பினார். அர்ஜென்டினாவில் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்னும் பாக்டீரியாவைத் தீப்புண்களில் இட்டுப் பார்த்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான சில்வர் சல்ஃபாடயசின் மருந்துக்கு ஒப்பான பலன் கிடைத்ததாம்! இவ்வகை பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, சூடோமோனாஸ் போன்ற தீய கிருமிகள் பெருகவிடாமல் தடுக்கின்றன.

ஆனால், அவர்கள் இட்டது வீட்டுத் தயிரன்று. இனம் கண்டறிந்து, தனியே வளர்த்து, அளவறிந்து இட்ட ஒரே வகை பாக்டீரியா. நம் தயிர்ப்பானையிலோ எந்தெந்த உயிர்கள், எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? வயிற்றுக்கு நல்லதெல்லாம் திறந்த புண்ணுக்கும் நல்லதாகிவிடாது. 'புரோபயாடிக்' என்பதற்கு 2001-ல் உலக நிபுணர்கள் வகுத்த இலக்கணத்திலேயே 'போதிய அளவில்' என்ற நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனையைத்தான் நான் படிக்காமல் விட்டேன். நீரிழிவுக்காரர் காலிலோ உணர்ச்சி மங்கியிருக்கும். இரத்த ஓட்டமும் குறைந்திருக்கலாம். சிறு புண்ணுக்கும் உடனே மருத்துவரிடம் செல்வதே முறை.

அதற்காக நம் பானைகளை ஏளனம் செய்ய வேண்டும் என்பதல்ல என் கருத்து. குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்ற ஆராய்ச்சியில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனை மருத்துவர்கள் ஈடுபட்டார்கள். அதுவும் உடலுக்குள் இருக்கும் புண்ணைப் பற்றியதுதானே! "பாட்டி சொன்னது" என்று கண்மூடி ஏற்காமலும், "பழங்கதை" என்று தள்ளாமலும் சோதித்துப் பார்ப்பதன்றோ விஞ்ஞானம்!

மாணவ நண்பர்களே! நம் வீடுகளில் நம் சொல்லைச் சரிபார்க்க வேறு படித்தவர் இல்லை. ஆகவே, தெரிந்ததைத் தெளிவாகச் சொல்வோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூசாதிருப்போம். நைனா இப்போது எம்.சி.ஆர். செருப்பு அணிந்து வண்டி தள்ளுகிறார். இரவில் அவர் பாதங்களை விளக்கடியில் வைத்துப் பார்ப்பது என் வேலை. இன்றும் ஏதேனும் சந்தேகம் என்றால், "புள்ளயக் கேளு" என்றுதான் சொல்கிறார்!